பிள்ளையின் நுழைவுத் தேர்வும் நம் குழுக் கணக்கும்



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு வசூல் முடிந்து கடன் கோரிக்கை வாசித்தார்கள். கறவை மாடு, கூரை மாற்ற, காதுகுத்து என்று வழக்கமான கோரிக்கைகளுக்கு நடுவில் ஒன்று புதுசாக இருந்தது. "மகளின் ஜே.இ.இ. நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்கு 60,000 ரூபாய்."

அது என்ன தேர்வு என்று யாருக்கும் தெரியவில்லை. கேட்ட அக்காவுக்கே முழுசாகத் தெரியாது. அவர் மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறாள், கணக்கில் கெட்டி. பயிற்சி மையத்திலிருந்து ஒருவர் வீடு தேடி வந்திருக்கிறார். "இந்தப் பரீட்சை எழுதலைன்னா இன்ஜினியரிங் சீட்டே கிடையாது. பணம் இல்லைன்னா நாங்களே பைனான்ஸ் ஏற்பாடு பண்றோம். மாசம் ரெண்டு பர்சென்ட் வட்டிதான், உங்க குழுவிலயும் அதேதானே?" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

இப்படி வீடு தேடி வருகிறவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். அதனால்தான் இந்த மாதம் இதைப் பற்றியே எழுதுகிறேன். அந்தத் தேர்வில் என்ன கேட்கிறார்கள், குறிப்பாக எல்லாரும் பயப்படுகிற இயற்கணிதத்தை எப்படிப் போடுவது என்று கொஞ்சம் பார்ப்போம். "எங்களுக்கு எதுக்குங்க இயற்கணிதம்?" என்று பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள். நீங்கள் மாதாமாதம் போடுகிற கணக்குதான் இது.

முதலில் ஒரு பொய்யை ஒதுக்கி வைப்போம்

தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் பொறியியல் கல்லூரிகளில் சேர நுழைவுத் தேர்வு கிடையாது. 1984 முதல் மாநில அரசே ஒரு நுழைவுத் தேர்வு நடத்தி வந்தது உண்மை. 2006-இல் சட்டம் கொண்டு வந்து அதை எடுத்து விட்டார்கள். இப்போது பிளஸ் டூ மதிப்பெண்தான். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட் ஆஃப் போட்டு கலந்தாய்வு நடக்கிறது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 2021 முதல் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடும் இருக்கிறது.

அப்படியானால் ஜே.இ.இ. மெயின் எதற்கு? திருச்சியில் இருக்கிற என்.ஐ.டி. போன்ற மத்திய அரசுக் கல்லூரிகளுக்கு. அதில் முன்னணியில் வரும் சுமார் 2.5 லட்சம் பேர் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு என்ற அடுத்த தேர்வை எழுதலாம். அது சென்னை ஐ.ஐ.டி. போன்றவற்றுக்கு. நல்ல வாய்ப்புதான், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது ஒன்றே வழி என்று சொல்வது வியாபாரம்.

தேர்வு எப்படி இருக்கும்? கம்ப்யூட்டரில் 3 மணி நேரம். 2025 முதல் 75 கேள்விகள்: கணிதம், இயற்பியல், வேதியியல் ஒவ்வொன்றிலும் 25. அந்த 25-இல் 20 கேள்விக்கு நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். மீதி 5-க்கு விடையை நாமே எண்ணாகத் தட்ட வேண்டும். சரி என்றால் 4 மதிப்பெண், தப்பு என்றால் 1 போய்விடும், தொடாமல் விட்டால் ஒன்றுமில்லை. ஒரு கேள்விக்குச் சராசரியாக 2 நிமிடம் 24 நொடிதான் கிடைக்கும். கால்குலேட்டர் அனுமதி இல்லை. 2021 முதல் தமிழிலும் கேள்வித்தாள் உண்டு.

எக்ஸ் என்றால் யார்?

நம் பாட்டிமார் போட்ட தலை-கால் கணக்கு ஞாபகம் இருக்கிறதா? பட்டியில் ஆடும் கோழியுமாக 20 தலை, 56 கால். ஆடு எத்தனை, கோழி எத்தனை?

அந்தக் கூட்டத்தில் இதைக் கேட்டேன். பள்ளிக்கூடம் அதிகம் போகாத ஒரு பெரியம்மாதான் முதலில் சொன்னார். "எல்லாம் கோழின்னு வச்சுக்க. 40 கால் ஆச்சு. மிச்சம் 16 கால் எங்கிருந்து வந்துச்சு? ஆட்டுக்கு ரெண்டு ரெண்டு கால் கூட. அப்ப ஆடு 8, கோழி 12."

பக்கத்தில் உட்கார்ந்து தீர்மான நோட்டு எழுதிக் கொண்டிருந்த அந்தப் பெண் இதையே வேறு மாதிரி எழுதினாள். ஆடு எக்ஸ் என்று வைத்தால் கோழி 20 − எக்ஸ். ஆட்டின் கால் 4 எக்ஸ், கோழியின் கால் 40 − 2 எக்ஸ். இரண்டையும் கூட்டினால் 2 எக்ஸ் + 40 = 56. அதனால் எக்ஸ் = 8.

பெரியம்மா சொன்ன 40-ம் மிச்சம் 16-ம் அந்தச் சமன்பாட்டுக்குள் அப்படியே இருப்பதைப் பாருங்கள். எக்ஸ் என்பது இன்னும் பெயர் தெரியாத ஆள், அவ்வளவுதான். வசூல் நோட்டில் தொகை இருக்கும், யார் கட்டியது என்று பெயர் விட்டுப் போயிருக்கும். மற்ற எல்லாரையும் டிக் அடித்து வந்து ஆளைப் பிடிப்போமே, அதே வேலைதான்.

பிள்ளைகள் தடுமாறுகிற இடம் பெரும்பாலும் கணக்குப் போடுவதில் இல்லை, கேள்வியின் வாக்கியத்தைச் சமன்பாடாக மாற்றுவதில்தான். எதை எக்ஸ் என்று வைப்பது? பொதுவாக, கேள்வி எதைக் கேட்கிறதோ அதையே வைப்பது நல்லது. வேறொன்றை வைத்துவிட்டு, எக்ஸ் கிடைத்ததும் அதையே விடை என்று குறித்து விடுகிற பிள்ளைகள் நிறைய. அந்தத் தப்பு விடையும் நான்கில் ஒன்றாகத் தயாராகக் காத்திருக்கும். கேள்வி தயாரிக்கிறவர்களுக்குப் பிள்ளைகள் எங்கே சறுக்குவார்கள் என்று நன்றாகத் தெரியும்.

கடன் நோட்டில் இருக்கும் தொடர்

இப்போது பைனான்ஸ்காரர் சொன்ன "அதே ரெண்டு பர்சென்ட்" விஷயத்துக்கு வருவோம். இதை அந்தக் கூட்டத்திலேயே கரும்பலகையில் போட்டுப் பார்த்தோம்.

பைனான்ஸில் 60,000, 12 மாதத் தவணை, மாதம் 2 சதவீதம். ஆனால் அது நேர் வட்டி. அசல் குறையக் குறைய வட்டி குறையாது. மாதம் 1,200 வீதம் 12 மாதத்துக்கு 14,400 ரூபாய்.

நம் குழுவில் நூற்றுக்கு இரண்டு ரூபாய் என்றாலும் மீதி அசலுக்குத்தான் வட்டி. மாதம் 5,000 அசல் கட்டினால் நிலுவை 60,000, 55,000, 50,000 என்று இறங்கி கடைசி மாதம் 5,000-இல் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் 2 சதவீதம் எடுத்துக் கூட்ட வேண்டும். ஊக்குநர் அக்கா கடன் பேரேட்டைப் பார்த்து ஒவ்வொரு வரியாகக் கூட்டிக் கொண்டிருந்தார். அதற்குள் மகள், "அம்மா, 60-ம் 5-ம் 65. 55-ம் 10-ம் 65. இப்படி ஆறு ஜோடி, 390. மொத்தம் 3,90,000. அதுல ரெண்டு பர்சென்ட் 7,800" என்றாள். ஊக்குநர் கூட்டி முடித்தபோதும் 7,800-தான் வந்தது.

14,400 எங்கே, 7,800 எங்கே! இரண்டுக்கும் பெயர் "ரெண்டு பர்சென்ட்". கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அந்தப் பெண் செய்தது பத்தாம் வகுப்பில் வரும் கூட்டுத் தொடர் வரிசை. ஒவ்வொரு படியிலும் ஒரே அளவு கூடினாலோ குறைந்தாலோ அது கூட்டுத் தொடர். முதலையும் கடைசியையும் கூட்டி, மொத்தம் எத்தனை உறுப்போ அதில் பாதியால் பெருக்கினால் கூடுதல் வந்து விடும். ஜே.இ.இ. கேள்விகளில் இந்தத் தொடர் அடிக்கடி வரும், ஆனால் நேராகக் கேட்க மாட்டார்கள். திருப்பிக் கேட்பார்கள். நம் பாஷையில் சொன்னால் இப்படி:

ஒரு உறுப்பினர் மாதம் 1,000 ரூபாய் அசல் கட்டி, 1 சதவீதம் குறையும் வட்டியில் கடனை முடித்தார். மொத்தம் கட்டிய வட்டி 550 ரூபாய். எத்தனை மாதம் கட்டினார்? விடைகள்: 9, 10, 11, 12.

கடைசி மாதம் வட்டி 10 ரூபாய், அதற்கு முந்தின மாதம் 20, அதற்கும் முந்தி 30. மாதம் எக்ஸ் என்றால் 10-ஐ 1 முதல் எக்ஸ் வரையுள்ள கூடுதலால் பெருக்க 550. அப்போது அந்தக் கூடுதல் 55. ஜோடி சேர்க்கிற வழியில் போனால் எக்ஸையும் எக்ஸ் + 1-ஐயும் பெருக்கினால் 110 வர வேண்டும்.

இதைப் புத்தக முறையில் இருபடிச் சமன்பாடாக எழுதித் தீர்க்கலாம். 10 என்றும் −11 என்றும் இரண்டு மூலங்கள் வரும். மைனஸ் 11 மாதம் யாரும் கடன் கட்ட முடியாது, தள்ளி விடலாம். ஆனால் பரீட்சையில் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. விடைதான் கண் முன்னே இருக்கிறதே, போட்டுப் பார்த்தால் போதும். 9 × 10 = 90, போதாது. 10 × 11 = 110, முடிந்தது. முப்பது நொடி.

"இது ஏமாத்து வேலை இல்லையா மேடம்?" என்று ஒரு சகோதரி கேட்டார். இல்லை. சாவிக் கொத்திலிருந்து ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்ப்பது திருட்டு ஆகுமா? ஆனால் பள்ளித் தேர்வில் படிப்படியாக எழுதினால்தான் மதிப்பெண். பிள்ளைக்கு இரண்டு வழியும் தெரிந்திருக்க வேண்டும். எண்ணாகத் தட்டச் சொல்லும் 5 கேள்விகளில் சாவிக் கொத்தும் கிடையாது.

இதற்குப் பக்கத்து வீட்டு முறை ஒன்று. விடைகள் எண்ணாக இல்லாமல் சூத்திரமாக இருந்தால், சின்ன எண்ணைப் போட்டுப் பார்ப்பது. 1 + 3 + 5 என்று முதல் என் ஒற்றைப்படை எண்களைக் கூட்டினால் என்ன வரும்? என் வர்க்கமா, என்-ஐ என் + 1-ஆல் பெருக்கியதா, 2 என் − 1-ஆ, என் வர்க்கம் + 1-ஆ? என் = 2 என்று போடுங்கள். 1 + 3 = 4. விடைகள் வரிசையாக 4, 6, 3, 5 ஆகின்றன. முதலாவதுதான் பொருந்துகிறது. என் = 1 என்று போட்டிருந்தால் இரண்டு விடைகள் 1 என்று வந்து குழப்பியிருக்கும். அதனால் ஒன்றும் சைபரும் வேண்டாம், 2 அல்லது 3 போடச் சொல்லுங்கள்.

ஆளைப் பார்க்காமலே கணக்கு முடிப்பது

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். நான் பள்ளியில் படித்தபோது எனக்கு இதை யாரும் இப்படிச் சொல்லித் தரவில்லை. சூத்திரத்தை மனப்பாடம் பண்ணச் சொன்னார்கள். கணக்கே வேண்டாம் என்று ஓடி வந்து சமூகப்பணி படித்தவள் நான்.

பத்து அடிக்குப் பத்து அடி சதுரமாக ஒரு பாத்தி. நீளத்திலும் அகலத்திலும் 3 அடி, 7 அடி என்று பிரித்துக் கோடு போடுங்கள். நான்கு துண்டு வரும். 3-க்கு 3 ஒரு சின்னச் சதுரம், 7-க்கு 7 ஒரு பெரிய சதுரம், 3-க்கு 7 இரண்டு செவ்வகம். 9 + 49 + 21 + 21 = 100. இரண்டு சதுரம் மட்டும் எவ்வளவு என்றால், மொத்தத்தில் இரண்டு செவ்வகத்தைக் கழித்தால் போதும். 100 − 42 = 58.

இப்போது தேர்வுக் கேள்வி. எக்ஸ் வர்க்கம் − 6 எக்ஸ் + 4 = 0. இதன் இரண்டு மூலங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் என்ன?

மூலங்களைக் கண்டுபிடிக்கப் போனால் வர்க்கமூலம் 5 எல்லாம் வந்து நேரத்தைத் தின்னும். தேவையே இல்லை. எக்ஸ் வர்க்கத்துக்கு முன்னால் வேறு எண் இல்லாதபோது, நடு எண்ணின் குறியை மாற்றினால் அதுதான் மூலங்களின் கூடுதல், 6. கடைசி எண் அவற்றின் பெருக்கற்பலன், 4. அப்போது பாத்தியின் பக்கம் 6 அடி, மொத்தம் 36. செவ்வகம் ஒன்று 4, இரண்டுக்கு 8. விடை 28. அந்த இரண்டு எண்களும் யார் என்று நமக்குக் கடைசி வரை தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

கேள்வி என்ன கேட்கிறதோ அதை மட்டும் கண்டுபிடிப்பது, மற்றதைத் தொடாமல் விடுவது. இந்தத் தேர்வில் நேரம் மிச்சமாவது இப்படித்தான்.

உண்மையான ஜே.இ.இ. கேள்விகள் இவ்வளவு சுலபமாக இருக்காது என்பதையும் சொல்லி விடுகிறேன். ஒரே கேள்வியில் இப்படி இரண்டு மூன்று விஷயங்களைப் பின்னி வைத்திருப்பார்கள். கலப்பெண், அணிக்கோவை, ஈருறுப்புத் தேற்றம் என்று இன்னும் இருக்கிறது. ஆனால் பின்னலைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருக்கும் இழைகள் இவைதான்.

சரிபார்க்காமல் மூடினால் வரும் நட்டம்

கூட்டம் முடிந்ததும் ரொக்கத்தை எண்ணி நோட்டுடன் ஒத்துப் பார்க்காமல் நாம் எழுந்திருக்க மாட்டோம். இயற்கணிதத்திலும் அப்படி ஒரு டேலி வேண்டும். இரண்டு இடத்தில் தப்பு வரும்.

எக்ஸ் வர்க்கம் = 5 எக்ஸ் என்று ஒரு கணக்கு. இரண்டு பக்கமும் எக்ஸ் இருக்கிறதே என்று அடித்து விட்டு, எக்ஸ் = 5 என்று முடித்து விடுவார்கள். எக்ஸ் சைபராக இருந்தாலும் இது சரிதானே? 0 = 0. அடித்ததில் ஒரு விடை காணாமல் போய்விட்டது. எக்ஸை அடிக்காமல் எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டு வந்து காரணிப்படுத்த வேண்டும்.

இன்னொன்று இதற்கு நேர் எதிர், இல்லாத விடை உள்ளே வருவது. எக்ஸ் + 6-இன் வர்க்கமூலம் = எக்ஸ். இரண்டு பக்கமும் வர்க்கப்படுத்தித் தீர்த்தால் 3, −2 என்று இரண்டு வரும். 3-ஐப் போட்டால் 9-இன் வர்க்கமூலம் 3, சரி. −2-ஐப் போட்டால் இந்தப் பக்கம் 4-இன் வர்க்கமூலம் 2, அந்தப் பக்கம் −2. ஒத்து வரவில்லை. இது போலி உறுப்பினர், பட்டியலிலிருந்து நீக்க வேண்டியதுதான்.

தெரியாத கேள்விக்குக் குருட்டாம்போக்கில் டிக் அடிக்கலாமா? "தொடவே கூடாது" என்று பலர் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு விடையில் ஒன்றுமே தெரியாமல் நான்கு கேள்விக்குக் குறித்தால், பொதுவாக ஒன்று சரி, மூன்று தப்பு. 4 − 3, ஒரு மதிப்பெண் லாபம். ஆனால் நான்குமே தப்பானால் 4 நட்டம், அதுவும் நடக்கக் கூடியதே. இரண்டு விடைகள் நிச்சயம் இல்லை என்று தள்ள முடிந்தால் நிலைமை வேறு. இரண்டு கேள்வியில் ஒன்று சரி, ஒன்று தப்பு என்றாலும் 3 லாபம். ஆக, குறைந்தது ஒரு விடையாவது தப்பு என்று தெரிந்தால் துணியலாம். எண்ணைத் தட்டும் கேள்வியில் ஊகம் வேண்டவே வேண்டாம். அதிலும் தப்புக்கு 1 போகிறது.

குழு என்ன முடிவு செய்தது?

60,000 வேண்டாம் என்று அந்த அக்காவே கோரிக்கையைத் திரும்ப வாங்கிக் கொண்டார். பழைய வினாத்தாள் புத்தகங்களுக்கும், சனிக்கிழமை டவுனுக்குப் போய் ஒரு ஆசிரியரிடம் சந்தேகம் கேட்டு வர பஸ் செலவுக்குமாக 6,000 கேட்டார், ஆறு தவணையில். குழு கொடுத்தது. அந்தப் பெண் என்.ஐ.டி. போவாளா என்று எனக்குத் தெரியாது. போட்டி பெரியது, வெளிப்படையாகவே அவளிடம் சொன்னேன். "பிளஸ் டூ கணக்குக்கும் இதே பாடம்தானே மேடம், வீணாப் போகாது" என்றாள். 2018, 2019-இல் மாற்றிய நம் 11, 12-ஆம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் இந்த இயற்கணிதப் பாடங்களில் பெரும்பகுதி இருக்கிறது. என்.ஐ.டி.க்கு ஜே.இ.இ. மட்டும் போதாது, பிளஸ் டூவிலும் 75 சதவீதம் (பட்டியலின, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 65) கேட்கிறார்கள். அல்லது வாரியத்தில் முதல் 20 பெர்சன்டைலில் வர வேண்டும். அதனால் பள்ளிப் பாடத்தை விட்டுவிட்டுப் பயிற்சி மையமே கதி என்று இருக்க முடியாது.

எழுத நினைக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இவற்றைக் கவனியுங்கள்:

தேர்வை நடத்துவது தேசியத் தேர்வு முகமை. அதன் இணையதளத்தில் மாதிரித் தேர்வும் பழைய வினாத்தாள்களும் இலவசம். பள்ளியின் ஹைடெக் ஆய்வகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

தேர்வு ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு முறை நடக்கும். இரண்டும் எழுதினால் எதில் அதிகமோ அதைத்தான் எடுத்துக் கொள்வார்கள். ஜனவரித் தேர்வுக்கான விண்ணப்பம் கடந்த சில ஆண்டுகளாக அக்டோபர் கடைசி, நவம்பர் மாதங்களில் வருகிறது. பிளஸ் டூ முடித்த ஆண்டிலிருந்து தொடர்ந்து மூன்று ஆண்டுகள் எழுதலாம்.

தமிழில் எழுத வேண்டுமானால் விண்ணப்பத்திலேயே தமிழ் என்று குறிக்க வேண்டும், பிறகு மாற்ற முடியாது. மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கிலக் கேள்வியே இறுதி. அதனால் இயற்கணிதச் சொற்களை இரண்டு மொழியிலும் பழகி வைக்கட்டும்.

பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளுக்கு நம் மாநிலச் சாதிச் சான்று மட்டும் போதாது. மத்திய அரசு வடிவத்தில் ஓ.பி.சி. சான்று தனியாக வாங்க வேண்டும், அதுவும் அந்த ஆண்டுக்குப் புதிதாக. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துக் கையில் வர நாளாகும். கடைசி வாரம் வரை தள்ளிப் போடாமல் இப்போதே எழுதிக் கொடுத்து விடுங்கள்.